அஸ்திவாரத்துக்கு வானம் வெட்டும்போது தாழி தட்டுப்பட்டால்

சேலம் வட்டாரத்தில் பேஸ்மென்ட் போட்டு அலுவலகம் கட்டுகிறீர்களா? தாழி (இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானை) போன்ற பழம்பொருள் வந்தால் என்ன செய்வது என்பதை ஜேசிபி இறங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மேட்டூர்ப் பக்கம் மாங்காடு, தெலுங்கனூரில் இரும்புக்கால ஈமக்காடுகள், அதாவது புதைகாடுகள் உண்டு. சேர்வராயன் மலையிலோ வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் கோயில்களில் சாமியாகவே இருக்கின்றன.

முதலில் இடம். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு, அதாவது சின்னத்திலிருந்து 300 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு அனுமதி வேண்டும். அடுத்து, ஒரு நல்ல மழைக்குப் பிறகு மனையை நடந்து பாருங்கள். மண் கழுவப்பட்டு பானை ஓடுகள் மேலே நிற்கும். உள்பக்கமும் வாய்விளிம்பும் கருப்பு, வெளியே அடிப்பக்கம் சிவப்பு என்றிருந்தால் அது சாதாரணச் சட்டி அல்ல. கஞ்சமலை ஓரத்தில் இரும்புக் கிட்டம் (இரும்பு உருக்கிய கழிவு) தனியாகக் கிடப்பது பெரிய விஷயமில்லை. கூடவே உலைக்குக் காற்று ஊதிய சுட்ட மண் குழாய்த் துண்டு கிடந்தால் அங்கே உலை இருந்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம்: பொருள் கிடைத்து வேலை நின்றால் அந்த நாட்களின் வண்டி வாடகையும் கூலியும் உரிமையாளர் பொறுப்பு. இதை எழுதாத இடத்தில்தான் தாழி டிப்பரில் ஏறிக் காணாமல் போகிறது. மேஸ்திரி கெட்டவர் அல்ல, வாடகை ஓடுகிறது.

தோண்டும்போது பல் இல்லாத பக்கெட்டால் அரை அடி அரை அடியாகச் சீவச் சொல்லுங்கள். ஒரு ஆள் பக்கெட்டை மட்டும் பார்க்கட்டும். செம்மண்ணில் வட்டமாகச் சாம்பல் நிறத் திட்டு தெரிந்தாலே நிறுத்துங்கள். தாழியின் வாய் அதற்குக் கீழே இருக்கலாம். டிப்பர் எந்த மூலை மண்ணை எங்கே கொட்டியது என்று நடைவாரியாக நோட்டில் குறித்தால், பின்னால் தேட வழி இருக்கும்.

கிடைத்ததும் சுற்றிலும் பத்தடி கயிறு கட்டி, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, ஆழத்தைக் குறியுங்கள். தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கிளறாதீர்கள். அந்த மண்தான் அதைத் தாங்குகிறது. வழித்தால் விரிசல் ஓடி உட்கார்ந்துவிடும். பானை ஓட்டைத் தேய்த்துக் கழுவினால் உள்ளே ஒட்டிய தானியமும் கீறிய எழுத்தும் போகும். எலும்பை வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஈரச்சாக்கும் மேலே மண்ணும் போட்டு மூடுங்கள். இரும்புக்கு நேர்மாறு, ஈரம் ஆகாது. கரித்துண்டைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள், காலக்கணிப்புக்கு அது வேண்டும். இரவுக் காவல் போடுங்கள். ‘புதையல்’ என்ற பேச்சு கிளம்பினால் விடிவதற்குள் தாழி சில்லுச் சில்லாகிவிடும்.

அன்றே கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாநிலத் தொல்லியல் துறை ஆகியோருக்குத் தகவல் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளது கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, இடம், தேதி. மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

துறை பார்த்து முடிக்கும்வரை மனையின் மறுமூலையில் அவர்கள் சம்மதத்தோடு வேலையைத் தொடரலாம். தாழியை எடுக்க வேண்டாம் என்று துறை சொன்னால், அந்த இடத்தில் வரவிருந்த தூணை நகர்த்தி வரைபடத்தை மாற்ற முடியுமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். மேலே ஜியோ டெக்ஸ்டைல் (மண்ணுக்குள் விரிக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, சலித்த ஆற்றுமணல் நிரப்பிவிட்டால் தாழி அங்கேயே இருக்கும். அதன் மேல் பார்க்கிங் வரலாம், கான்கிரீட் மட்டும் நேராகப் படக்கூடாது.