அம்பது தாண்டி செஸ் டோர்னமென்ட் ஆடப் போறீங்களா? கிளாக்கை விட்றாதீங்க

சீனியர் பிரிவுன்னா லேசா இருக்கும்னு நினைச்சு போய் உக்காராதீங்க. 1991ல முதல் உலக சீனியர் சாம்பியன்ஷிப் ஜெயிச்ச முன்னாள் உலக சாம்பியன் ஸ்மிஸ்லோவுக்கு அப்ப 70 வயசு, 2006ல கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னாய் ஜெயிச்சப்ப 75. இப்ப 50+, 65+னு ரெண்டு பிரிவு, 2014லேர்ந்து.

டைம் முதல் 40 மூவுக்கு 90 நிமிஷம், அப்புறம் 30 நிமிஷம், மூவுக்கு 30 செகண்ட் கூடுதல். 60 மூவ் போனா ஆளுக்கு ரெண்டரை மணி நேரம், மொத்தம் அஞ்சு மணி நேரம் உக்காரணும். நான் பாத்த வரைக்கும் நம்ம வயசுல தோக்குறது பெரும்பாலும் நாலாவது மணி நேரத்துலதான், ஓப்பனிங்ல, அதாவது ஆட்டத்தோட ஆரம்ப மூவ்கள்ல இல்ல. அதனால புதுசா ஓப்பனிங் மூவ் வரிசை எதையும் மனப்பாடம் பண்ணாதீங்க, வருஷக்கணக்கா கையில இருக்கறதையே ஆடி முதல் பத்து மூவை பத்து நிமிஷத்துல முடிச்சிருங்க. ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்துல மிச்ச டைமையும் ஸ்கோர்ஷீட்ல (மூவ் எழுதற தாள்) குறிங்க, அதுக்கு ரூல்ல அனுமதி இருக்கு, எங்க டைம் போச்சுன்னு வீட்டுக்கு வந்து பாத்தா தெரிஞ்சிரும். 30வது மூவுக்கு வரும்போது 20 நிமிஷமாவது கையில இருக்கணும்.

பழைய ஆளுங்க மூவை முதல்ல எழுதிட்டு அப்புறம் ஆடுவாங்க, இப்ப அது தப்பு, ஆடிட்டுதான் எழுதணும். 30 செகண்ட் இன்கிரிமென்ட் இருக்கறதால கடைசி அஞ்சு நிமிஷத்துலயும் எழுதறதை நிறுத்தக் கூடாது. ஒரே பொசிஷன் மூணாவது தடவை வரப்போகுதுன்னு டிரா கேட்கறப்ப மட்டும் மூவை எழுதிட்டு, காயைத் தொடாம, கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவர்) கூப்பிடுங்க. காயைத் தொட்டுட்டீங்கன்னா அந்த தடவை கேட்க முடியாது.

வீட்டுல நேரம் இருந்தா ரூக் (யானை) எண்ட்கேம், அதாவது காய் குறைஞ்ச கடைசி கட்டம் பாருங்க, களைச்சுப் போன நேரத்துல அதுதான் காப்பாத்தும். முக்கியமா ஃபிலிடோர் பொசிஷன்: நீங்க கருப்பு, உங்ககிட்ட ரூக் மட்டும், அவர்கிட்ட ரூக்கும் ஒரு பானும் (சிப்பாய்), உங்க ராஜா அந்த பானுக்கு முன்னாடி கடைசி வரிசைல நிக்குது. ரூக்கை ஆறாவது வரிசைலயே (வெள்ளை பக்கத்துலேர்ந்து எண்ணணும்) நிறுத்தி அவர் ராஜாவை உள்ள விடாதீங்க, வேற வழியில்லாம அவர் பானை ஆறாவது வரிசைக்குத் தள்ளின உடனே ரூக்கை ஒரேடியா முதல் வரிசைக்கு இறக்கி பின்னாலேர்ந்து செக் குடுத்துட்டே இருங்க, அவர் ராஜாவுக்கு ஒளிய இடமே கிடையாது.