கிரேக்க புராணக் காதல உங்க டிராமா ஜோடிக்கு ஃபேன்ஃபிக்கா எழுதுறது எப்படி

கிரேக்க புராணத்த வச்சு ஃபேன்ஃபிக் (புடிச்ச டிராமா பாத்திரங்கள வச்சு ரசிகர்களே எழுதுற கதை) எழுத ஆரம்பிக்கிறவங்க நெறைய பேர் மொதல்ல பண்றது பேர் மாத்துறதுதான், ஹீரோவ ஆர்ஃபியஸ் ஆக்கி ஹீரோயின யூரிடிசி ஆக்கி ரெண்டு பேரையும் பாதாளத்துக்கு அனுப்பிடுவாங்க, படிச்சா நம்ம ஷிப்பும் (நமக்குப் புடிச்ச காதல் ஜோடி) அதுல இருக்காது அந்தக் கதையோட வலியும் இருக்காது. அதனால பேர விட்டுடுங்க, அந்தக் கதைல இருக்குற நிபந்தனைய மட்டும் எடுங்க. ஆர்ஃபியஸ் கதைல திரும்பிப் பாக்கக்கூடாது, சைக்கி கதைல விளக்கேத்தி புருஷன் முகத்தப் பாக்கக்கூடாது, இந்த மாதிரி ஒத்த வரிதான், மொத்தக் கதையும் அதுலதான் தொங்கிட்டு இருக்கும்.

ஆர்ஃபியஸ் கதையவே எடுத்துக்கோங்க. பாம்பு கடிச்சு செத்துப்போன பொண்டாட்டிய மீட்க பாதாளத்துக்குப் போறான், பாடிப் பாடியே அங்க இருக்கறவங்க மனச கரைச்சு அவள கூட்டிட்டு வர்றான், மேல வந்து சேர்ற வரைக்கும் திரும்பக்கூடாது, கிட்டத்தட்ட வெளிச்சம் தெரியுற எடத்துல திரும்பிடறான். இதே சீன ரெண்டு ரோமானிய கவிஞர்கள் எழுதியிருக்காங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. வர்ஜில் எழுதினதுல யூரிடிசி வாய் திறந்து கேக்குறா, இது என்ன பைத்தியம், என்னையும் அழிச்சு உன்னையும் அழிச்சுக்கிட்டியேன்னு. ஓவிட் எழுதினதுல அவ ஒரு குறையும் சொல்லல, தன் மேல ஆசை வச்சான்ங்கறத தவிர வேற எதக் குறை சொல்றதாம்னு கவிஞரே கேட்டுட்டு நகர்ந்துடறார். திரும்பினது ஒரே திரும்பல்தான், ஆனா அந்தப் பக்கம் நிக்கிறது ரெண்டு வேற பொண்ணு. உங்க கதைலயும் இத மொதல்லயே முடிவு பண்ணிடுங்க, நிபந்தனை ஒடையும்போது எதிர்ல இருக்கறவங்க பேசுவாங்களா மாட்டாங்களான்னு.

போலீஸ் டிராமான்னு வைங்க, பார்ட்னர் ஒருத்தன் ரகசிய வேலைக்கு போயிருக்கான், கேஸ் முடியற வரைக்கும் யாரும் தொடர்பு கொள்ளக்கூடாது. இவ ஒரே ஒரு தடவ போன் பண்ணிடறா. அவ்ளோதான், அதுதான் உங்க திரும்பிப் பாக்குற சீன். ஆனா அவள அவசரக்குடுக்கையா காட்டி கெடுத்துடாதீங்க, ஓவிட்கிட்ட ஆர்ஃபியஸ் திரும்புறதுக்கு பின்னால வர்றவ தளர்ந்து போயிடுவாளோங்கற பயமும் பாத்தே ஆகணும்ங்கற ஏக்கமும்தான் காரணம், அந்த ரெண்டும் போன எடுக்கற கைல இருக்கணும்.

அடுத்து தியாகக் கதை. இங்கதான் எனக்கு ரொம்ப ஆதங்கம், ஏன்னா எல்லாரும் தியாகம் பண்றவங்க பின்னாடியே போய் அழுதுட்டு கதைய முடிச்சுடறாங்க. யூரிபிடிஸ் கி.மு. 438ல மேடையேத்துன அல்செஸ்டிஸ் நாடகத்த பாருங்க, அட்மீட்டஸ் சாகாம இருக்கணும்னா அவனுக்கு பதிலா ஒரு உயிர் வேணும், வயசான அப்பா அம்மாவே மாட்டேன்னுட்டாங்க, பொண்டாட்டி சரின்னா. அவ போனதுக்கப்புறம்தான் தான் என்னத்த இழந்தோம்னு அவனுக்கு உறைக்குது. மாவீரன் ஹெராக்ளிஸ் மரணத்தோட மல்லுக்கட்டி அவள மீட்டு முகத்திரையோட கொண்டு வந்து நிறுத்துறான், ஆனா மூணாவது நாள் வரைக்கும் அவ பேச முடியாது. நாடகம் அவ பேசாமலேயே முடியுது! உங்க ஜோடில ஒருத்தர் இன்னொருத்தர் பழிய ஏத்துக்கிட்டு வேலைய விட்டுப் போற எபிசோட் இருந்தா, அவங்க திரும்பி வந்ததுக்கு அப்புறம் இருக்குற அந்த மூணு நாள ஒரு முழு சாப்டரா எழுதுங்க, அந்த தியாகத்த வாங்கிக்கிட்டவங்க பிஓவில (அவங்க பார்வைல) எழுதுங்க.

ஸ்லோ பர்ன் (மெதுவா கனியற காதல்) எழுதறவங்களுக்கு ஒடிசியஸோட பொண்டாட்டி பெனலோபிதான். போருக்குப் போன புருஷனுக்காக 20 வருஷம் காத்திருப்பு, வீட்ட சுத்தி 108 பேர் கல்யாணம் பண்ணிக்கன்னு உக்காந்திருக்காங்க, மாமனாருக்கு சவத்துணி நெய்யறேன்னு சொல்லி பகல்ல நெய்து ராத்திரில பிரிச்சு 3 வருஷம் ஓட்டுறா. புருஷன் வந்து நின்னப்போகூட நம்பிடல, நம்ம கட்டில வெளிய எடுத்துப் போடுன்னு வேலைக்காரிகிட்ட சொல்றா, ஒடிசியஸுக்கு கோவம் வந்துடுது, ஏன்னா வேரோட நிக்கிற ஆலிவ் மரத்தையே கட்டில் காலா வச்சு அவனே செஞ்சது அது, நகத்த முடியாது. அந்த ரகசியம் தெரிஞ்சதால அவன்தான்னு அவளுக்கு உறுதியாகுது. அப்போ நீங்க என்ன செய்யணும்னா, மொத சீசன மறுபடி போட்டு கைல நோட்டு வச்சுக்கிட்டு பாருங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச மோதிரமும் செயினும் வேணாம், அந்த ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கக்கூடிய ஒரு சின்ன பொருள் இல்ல ஒரு பேச்சு, அத புடிங்க, கடைசி சாப்டர் வரைக்கும் வெளிய விடாதீங்க.

பாதாள ராஜா ஹேடிஸ், அவன் தூக்கிட்டுப் போன பெர்செஃபொனி, இவங்கள வச்சு ஏயு (வேற சூழல்ல நடக்குற மாற்றுக் கதை) எழுதறீங்கன்னா ஒண்ணு மட்டும், பழைய ஹோமரிக் பாட்டுல அது கடத்தல்தான், அம்மா டிமீட்டர் அழுதுட்டு தேடி அலையறா, நீங்க காதலா மாத்துறீங்கன்னா மாத்துங்க, ஆனா அந்த அம்மாவ வில்லி ஆக்காதீங்க.

ட்ராய் போர்ல வர்ற அக்கிலீஸ், பேட்ரோக்ளஸ் மாதிரி ஜோடிய எழுதும்போது கேனான்ல (மூலக் கதைல) இல்லையேன்னு யாராவது சொன்னா கலங்காதீங்க. ஹோமர் அவங்கள காதலர்னு சொல்லல, ஆனா ரெண்டு பேர் எலும்பையும் ஒரே கலசத்துல வைக்கச் சொல்றார், அப்புறம் எஸ்கிலஸ் காதலாவே நாடகம் எழுதினார், பிளேட்டோவோட விருந்து உரையாடல்ல ஃபீட்ரஸ்ங்கறவர், எஸ்கிலஸ் சொல்றது தப்பு, அக்கிலீஸ்தான் வயசுல சின்னவன், அவன் நேசிக்கப்பட்டவன்னு வாதாடுறார். நம்ம இன்னிக்கு பண்ற ஷிப் விவாதமேதான் இது, 2400 வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கு, எனக்கு இத நினைச்சாலே அவ்ளோ சந்தோஷமா இருக்கும்.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை. ஸீனா டிராமா 1995லருந்து 2001 வரைக்கும் ஓடுனப்போ அதோட ரசிகர்கள் ஊபர்னு ஒரு வகையே உண்டாக்குனாங்க, அதே ரெண்டு ஆத்மா, ஆனா வேற காலம் வேற பேர் வேற வேலை, படிக்கறவங்க பாத்ததும் கண்டுபுடிச்சுடுவாங்க. நீங்களும் பேர எல்லாம் அழிச்சுட்டு ஒரு சாப்டர பீட்டா ரீடர்கிட்ட (வெளியிடறதுக்கு முன்னாடி படிச்சு கருத்து சொல்றவர்) குடுங்க. யார் யாருன்னு அவங்களுக்கு தெரியலன்னா நீங்க புராணத்த எழுதியிருக்கீங்க, உங்க ஜோடிய இன்னும் எழுதல, திரும்ப உக்காருங்க.

சந்தோஷ முடிவுதான் வேணும்னா பாசிஸ், ஃபிலிமோன் இருக்காங்க. ரெண்டு கிழங்களும் சாமிகிட்ட கேட்டது, ஒருத்தர் சாவ இன்னொருத்தர் பாக்காம ஒரே நேரத்துல போகணும்னு. ஒருநாள் பேசிட்டு இருக்கும்போதே ரெண்டு பேர் மேலயும் இலை முளைக்குது, மரப்பட்டை வாய மூடுறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றது ஒரே ஒரு போய்ட்டு வரேன்தான். கடைசி வசனம் அந்த அளவுக்கு சின்னதா இருக்கட்டும்.