குலை நோய்: காற்றைப் பார்த்தோம், பனியை விட்டோம்

தென்காசி மாவட்டத்துப் புளியரைப் பக்கம் பிசானப் பருவ நெல்லில் குலை நோய் என்ற பூஞ்சை நோய் தலைகாட்டினால், "எல்லாம் கணவாய்க் காத்துல வந்தது" என்பார்கள். ஆரியங்காவுக் கணவாய் இருப்பது மேற்கே. மார்கழியில் அடிப்பதோ வாடை. திசையே ஒத்துவரவில்லை.

காற்றில் பரவும் நோய்தான், மறுக்கவில்லை. ஆனால் இதன் பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் இரவில், காற்று அடங்கிய நேரத்தில் கிளம்பி, அதே வயலிலோ பக்கத்து வயலிலோ இறங்கிவிடும். கோதுமைத் தண்டுத் துரு நோயின் கதை வேறு. நீலகிரி, பழநி மலைகளில் இருந்து நவம்பர் புயலோடு மத்திய இந்தியா வரை போகக்கூடியது அது. நாகராஜன் என்ற விஞ்ஞானி புயலின் போக்கை வைத்து அதற்கு விதிகளே வகுத்தார். அந்தக் கணக்கை நெல்லுக்குப் போட்டால் தப்பு.

அடுத்தது, போனில் மழை இல்லை என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது. குலை நோய்க்குக் கனமழை வேண்டாம். இலை ஈரமாக இருந்தால் போதும். மாலையில் மேகமூட்டம், லேசான தூறல், இரவில் 20 டிகிரியை ஒட்டிய குளிர், காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், அப்புறம் விடிந்தும் காயாத பனி: பத்து மணி நேரம் இலை நனைந்தே கிடந்தால் வித்து முளைத்து உள்ளே போய்விடும். காலை எட்டு மணிக்கு வரப்பில் நடந்து பாருங்கள். வேட்டிக் கரை நனைகிறதா? எந்தச் செயலியையும் விட அதை நான் நம்புவேன்.

பாளையங்கோட்டை வானிலையைப் பார்த்துப் புளியரைக்கு முடிவெடுப்பவர்களும் உண்டு. மலையடிவாரத்தில் வெயில் ஏறுவதும் பனி காய்வதும் தனிக் கணக்கு. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவிப்பில், மழையைத் தாண்டி ஈரப்பத வரியையும் படிக்க வேண்டும்.

நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி தெரிந்த பிறகு, நேற்றைய பனிதான் காரணம் என்று நினைப்பதும் பிசகு. நோய் உள்ளே புகுந்து வெளியே தெரியக் குறைந்தது நான்கைந்து நாளாகும். போன வாரத்தைப் புரட்டிப் பாருங்கள். யூரியாவை அள்ளிப் போட்டது அந்த வாரமாகவும் இருக்கலாம். தழைச்சத்து கூடிய பயிர் என்றால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம்தான்.

இலை சுத்தமாக இருக்கிறதே என்று கதிர் வரும் வாரத்தில் அசந்துவிடக் கூடாது. அப்போது பனி கொட்டினால் நோய் கதிரின் கழுத்தைப் பிடிக்கும். கழுத்து கருத்த கதிர் வெளுத்துப் பதராகிவிடும்; அதன் பிறகு அடிக்கும் மருந்து கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.