ஆறு பேர், ஒரு மேசை, ஃப்யூஷன் சாப்பாடு

ஷிஃப்ட் முடிந்து ஓசூரில் ஆசிய ஃப்யூஷன் (பல நாட்டுச் சமையலைக் கலக்கும்) கடைக்குக் கூட்டமாகப் போனால், ஆர்டர் பொறுப்பு என் தலையில்தான். ஆளுக்கொரு தட்டு கேட்காதீர்கள். நடுவில் வைத்துப் பகிருங்கள். முதலில் சைவம் யார் என்று கேளுங்கள். கொரிய ஊறுகாயான கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ்தானே என்று நம்ப வேண்டாம், மீன் சாஸ் சேர்ப்பது வழக்கம். தாய்லாந்து கறி விழுதிலும் பெரும்பாலும் இறால் இருக்கும். டிம்சம் (ஆவியில் வேகவைத்த சீனக் கொழுக்கட்டை) கூடைக்கு எத்தனை என்று விசாரியுங்கள். நான்குதான் என்றால் ஆறு பேருக்குள் சண்டை. ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) பகிர ஆகாது, நூடுல்ஸ் ஊறிவிடும். மாம்பழ சுஷியா (ஜப்பானியச் சோற்று உருளை) என்று கிருஷ்ணகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். சீசனில் ஒரு தட்டு சொல்லிப் பாருங்கள். அப்புறம் பில்: சேவைக் கட்டணம் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, பில்லிலிருந்து நீக்கச் சொல்லலாம். மீதியை ஜிபேயில் சமமாகப் பிரித்துக் கட்டுங்கள். பீர் குடித்தவருக்குத் தனிக் கணக்கு.