வால்பாறையில் இரண்டு இரவு: ஜோடியாகத் தங்க ஒரு எஸ்டேட் பங்களா தேடுவது எப்படி

"மலை மேல தனியா ஒரு பங்களா, சுத்தியும் தேயிலை, நாங்க ரெண்டு பேர் மட்டும். எது நல்லாருக்கும் சொல்லுக்கா." கல்யாண நாள் நெருங்கும் யாராவது ஒரு தோழியிடமிருந்து இந்த மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது, கூடவே ஏழெட்டு லிங்க். திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: பனிமூட்டம், பிரம்பு ஊஞ்சல், வெள்ளை மெத்தையில் ரோஜா இதழ். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நானும் கணவரும் இப்போதெல்லாம் அறைப் படங்களைக் கடைசியாகத்தான் பார்க்கிறோம். எங்களுக்கு நன்றாகப் பழகிய வால்பாறையை வைத்தே எங்கள் வழியை எழுதுகிறேன். மேகமலைக்கும் கோத்தகிரிக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில் தேதி

இரண்டு இரவு வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர் போலத்தான், ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், அதில் ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சி முனையில் பாறைச் சரிவில் வரையாடு நின்றுவிட்டால் யாருக்குத்தான் காரை எடுக்க மனசு வரும். ஒரே இரவு என்றால் ஏறிய களைப்பு தீருமுன் இறங்க வேண்டும்.

வார நாளில் போங்கள். சனி ஞாயிறு கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழை கொட்டித் தீர்க்கும். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அறையை விட்டு நகராமல் மழையைப் பார்த்தபடி கிடக்கப் பிடிக்கும் என்றால் அதுதான் சரியான நேரம், வாடகையும் குறையும். நடக்க வேண்டும், அணை பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. காலையில் குளிரும், வானம் தெளிவாக இருக்கும், அட்டைத் தொல்லையும் கிட்டத்தட்ட இருக்காது.

ஆறு மணிக்கு மேல் என்ன?

இந்தக் கேள்வியை வைத்துத்தான் நாங்கள் பாதி இடங்களைக் கழிக்கிறோம். ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்கப்புறம் எஸ்டேட் சாலையில் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. சிறுத்தை, கரடி, காட்டுமாடு, யானை எல்லாம் நடமாடும் ஊர் அது. என்.சி.எஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊர்க்காரர்களுக்குத் தினமும் செல்போனில் செய்தி அனுப்புகிறது, மேட்டில் கம்பம் நட்டு சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறது. விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை என்று அர்த்தம், தோட்டத்து ஜனங்கள் அந்த வழியே போகமாட்டார்கள். ஆக மாலை ஆறு முதல் தூங்கப் போகும் வரை நீங்கள் இருவரும் அந்த வீட்டுக்குள்தான். அந்த நான்கைந்து மணி நேரம் எப்படிப் போகும் என்பதைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். அருவி, வியூ பாயிண்ட், ஊஞ்சல் எல்லாம் பகலுக்கு.

இதில் நான் பார்ப்பவை:

வராந்தா யாருடையது? பழைய துரை பங்களாக்கள் தோட்ட மேனேஜர் குடும்பத்துக்காகக் கட்டியவை. மூன்று நான்கு படுக்கையறை, எல்லாம் ஒரே கூடத்தில் திறக்கும், சாப்பாட்டு மேசை ஒன்று, நீள வராந்தா ஒன்று. நீங்கள் ஒரு அறை எடுத்தால் மீதி அறைகளில் பத்துப் பேர் வந்த குடும்பம் இருக்கலாம், வராந்தா அவர்களுடையதாகிவிடும். அதனால் "மொத்தம் எத்தனை ரூம், அன்னைக்கு வேற யார் வர்றாங்க" என்று கேட்டே ஆக வேண்டும். அறைக்கென்று தனிச் சிட்அவுட் இருக்கிற சின்ன காட்டேஜ், மூன்று படுக்கையறைப் பெரிய பங்களாவில் ஒரு அறையை விட மேல். பார்க்க அழகு குறைவாக இருந்தாலும் நான் காட்டேஜைத்தான் எடுப்பேன்.

சத்தம். விளம்பரத்தில் "கேம்ப் ஃபயர், டிஜே, குரூப்புகளுக்கு ஏற்றது" என்று எந்த இடத்திலாவது இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்த மலையில் இரவு என்பது தவளைச் சத்தமும் தகரக் கூரையில் சொட்டும் தண்ணீரும்தான், அதை ஒரு ஸ்பீக்கர் மொத்தமாகத் தின்றுவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டரா இன்வெர்ட்டரா என்றும் கேளுங்கள். ஜெனரேட்டர் என்றால் அது எந்த அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது என்பதையும்.

சாப்பாடு. வெளியே போய்ச் சாப்பிடும் பேச்சுக்கே இடமில்லை. அங்கேயே சமைக்கிற ஆள் இருக்கிறாரா, இரவு எத்தனை மணி வரை தருவார், மத்தியானமே சொல்லிவிட வேண்டுமா? ஏழரைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு சமையல்காரர் தன் லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) போய்விடும் இடங்கள் நிறைய. அவரும் ரொம்ப நேரமாகுமுன் வீடு போய்ச் சேர வேண்டுமே, அதைக் குறை சொல்ல முடியாது. ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போவார்களா, இரவு டீ போட ஒரு கெட்டில் இருக்குமா என்று பேசிக்கொண்டால் போதும்.

கடைசி மூன்று கிலோமீட்டர்

"வால்பாறையிலிருந்து 12 கிமீ" என்று போட்டிருப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்பது தார்ச் சாலை, மீதி மூன்று எஸ்டேட் பாதை. அந்த மூன்றைக் கடக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆகலாம். எங்களுக்கு ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். புக்கிங் பக்கத்தில் கொடுத்திருந்த லொகேஷன் எஸ்டேட்டின் மேல் பகுதியில், அதாவது மேல் டிவிஷனில், குத்தியிருந்தது, பங்களா இருந்ததோ கீழ் டிவிஷனில். ஒரே எஸ்டேட், ஒரே பெயர், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. மேலே நின்று பார்த்தால் கூரை தெரிகிறது, போக வழியில்லை, போனில் சிக்னலும் இல்லை, வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. கொழுந்து எடை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அக்கா வண்டியில் ஏறிக்கொண்டு வழி காட்டினார். அவர் இல்லாவிட்டால் பொள்ளாச்சிக்கே இறங்கியிருப்போம்.

அதிலிருந்து இதைப் பிசகாமல் செய்கிறோம்:

கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் காட்சியை வைத்துக்கொண்டு, தார் ரோட்டிலிருந்து வீடு வரை விரலால் பாதையைத் தொடர்ந்து பாருங்கள். கூரை தெரிய வேண்டும், அதற்கு ஒரு பாதை போக வேண்டும். அப்புறம் உரிமையாளரிடம் இரண்டு லொகேஷன் வாங்குங்கள்: ஒன்று எஸ்டேட் கேட், ஒன்று வீட்டு வாசல். வாட்ஸ்அப்பில் அவர் அங்கேயே நின்று அனுப்பியதாக இருக்கட்டும், வெப்சைட்டில் இருப்பது வேண்டாம். கேட்டிலிருந்து வீடு வரை போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஆள் என்றால் அன்று சாயங்காலமே அனுப்பிவிடுவார். "ரோடு சூப்பரா இருக்கும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

"ஸ்விஃப்ட் மாதிரி கார் அடி தட்டாம வருமா, இல்ல ஜீப் அனுப்புவீங்களா" என்று நேரடியாகக் கேளுங்கள். ஜீப்புக்குத் தனிக் கட்டணமா என்றும். கேட் வாட்ச்மேனிடம் உங்கள் வண்டி நம்பரை முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கே நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பகுதி மேப்பைக் கிளம்புமுன் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் பன்னிரண்டுக்குள் பொள்ளாச்சியை விட்டுவிட்டால் நாலு மணிக்கு வராந்தாவில் டீ.

கேரளா பக்கம் அதிரப்பள்ளி வழியாக வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மளுக்கப்பாறை காட்டுப் பாதையில் மாலை 6 முதல் காலை 6 வரை போக்குவரத்து கிடையாது.

போன் பண்ணுங்கள்

புக்கிங் ஆப்களை விலை தெரிந்துகொள்ள மட்டும்தான் பயன்படுத்துகிறேன். விமர்சனங்களைக் கூகுளில் "புதியவை முதலில்" என்று மாற்றி, போன வருஷம் இதே மாதத்தில் வந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படிப்பேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட மூன்று கொடுத்தவர்கள் விவரமாக எழுதுவார்கள். அப்புறம் ஒரு போன். முதலாளியிடம் விலை பேசுங்கள், மற்றதையெல்லாம் அங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேளுங்கள். "அண்ணா, வெந்நீர் கீசரா விறகு பாய்லரா, கம்பளி எத்தனை தருவீங்க, எந்த சிம் எடுக்கும்?" அவர் தயங்காமல் சொல்லும் பதில்தான் உண்மை நிலவரம்.

விலை பேசும்போது வரி சேர்த்தா என்று கேளுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. எட்டாயிரம் ரூபாய் அறைக்கும் ஏழாயிரம் ரூபாய் அறைக்கும் பில்லில் ஆயிரத்தை விட நிறையவே வித்தியாசம் வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "வாசலிலேயே யானை வரும்" என்று சொல்லி விற்கும் இடத்துக்குப் போகாதீர்கள். மசினகுடிப் பக்கம் சீகூர் யானை வழித்தடத்தில் இருக்கும் ரிசார்ட்டுகளைக் காலி செய்யும் உத்தரவை உச்ச நீதிமன்றமே 2020 அக்டோபரில் உறுதி செய்தது. உரிமம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) சாலையோர மரத்தில் தானாகவே உட்கார்ந்திருக்கும். யாரும் தீனி போட்டு வரவழைக்க வேண்டியதில்லை.

பிறகு சேர்த்தவை

படித்துவிட்டுப் பலர் கேட்டது: கல்யாணம் ஆகாதவர்களுக்கு அறை தருவார்களா? சட்டத்தில் தடை இல்லை. கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி வழக்கில், திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தரமாட்டேன் என்கிற உரிமையாளர்கள் உண்டு. மலை ஏறிய பிறகு வாசலில் நின்று வாதாட முடியாது என்பதால் அட்வான்ஸ் அனுப்பும் முன்பே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். புதிதாகக் கல்யாணமாகி ஆதாரில் வேறு வேறு முகவரி இருப்பவர்களும் இதையே செய்யலாம்.

ஒரு தம்பி செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயம், ஊட்டி, கொடைக்கானல் மாதிரியே. தமிழ்நாடு அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி நம்பரும் தங்கும் இடமும் கொடுத்தால் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆழியாறில் நெட் மக்கர் பண்ணலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் பொள்ளாச்சியிலேயே விட்டுவிட்டு ஸ்டீல் பாட்டிலோடு ஏறுங்கள்.