ரைஃபிள் மக்கர் பண்ணினால் மிஸ்திரியிடம் எப்படிக் கொண்டுபோவது

பட்டாளத்தில் இருக்கும்வரை இந்தக் கவலை கிடையாது. ரைஃபிள் தகராறு பண்ணினால் ஆர்மரரிடம் (பட்டாளத்துத் துப்பாக்கி மெக்கானிக்) நீட்டிவிட்டு வந்துவிடலாம், மீதி அவர் பாடு. வெளியே வந்து சொந்த லைசென்சில் துப்பாக்கி வாங்கி பேங்க் வாசலில் கன்மேனாக நிற்கும்போதுதான் முழி பிதுங்கும். நான் வேலூர் பக்கத்து ஆள். பென்ஷன் வந்த பிறகு வியாசர்பாடியில் குடியேறி, திருவொற்றியூரில் ஒரு பேங்க் கிளையில் காவல் பார்க்கிறேன். கையில் இருப்பது இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த .315 போர் ரைஃபிள் (போர் என்பது பேரல் துளையின் அளவு, அங்குலத்தில்). என்னைப் போன்ற பழைய பட்டாளத்துக்காரர்கள் தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் என்று வடசென்னை முழுக்க இருக்கிறார்கள். யாருக்காவது துப்பாக்கி கெட்டால் போன் எனக்கு வரும். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது எழுதியே வைக்கிறேன்.

ரிப்பேர் கடையில் ஆரம்பிப்பதில்லை. கோளாறு வந்த அந்த நிமிஷத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. வருஷாந்திர சுடும் பயிற்சியில் ட்ரிகரை இழுக்கிறீர்கள், ‘டிக்’ என்கிறது, வெடிக்கவில்லை. உடனே போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பின்பக்க உருளை) திறக்காதீர்கள். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். முனையை டார்கெட் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். பிறகு போல்ட்டை இழுத்து அந்த ரவுண்டை, அதாவது தோட்டாவை, வெளியே எடுத்து, பின்பக்கத்து கேப்பை (ஊசி குத்தினால் பற்றிக்கொள்ளும் சின்ன மூடி) பாருங்கள். ஊசி குத்திய தடம் இருக்கும். அந்தத் தடம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே சாட்சி.

தடம் ஆழமாக, நட்டநடுவில், மிளகு உட்காரும் அளவுக்குப் பள்ளமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் தோட்டாமேல். பழைய சரக்காக இருக்கலாம், ஈரம் ஏறியிருக்கலாம். நம் தோட்டாக்களின் அடியில் கே.எஃப். என்று முத்திரை இருக்கும். கிர்க்கி ஃபேக்டரி, அதாவது புனே கட்கியில் செய்தது. வேறு பெட்டி ரவுண்டு போட்டுப் பாருங்கள். அது வெடித்தால் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தடம் மேலோட்டமாகக் கீறினாற்போல இருந்தால் கோளாறு போல்ட்டுக்குள்ளே இருக்கிறது: ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், இல்லை உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கும், இல்லை ஊசி முனை தேய்ந்திருக்கும். தடம் ஓரமாக விழுந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெடித்த ரவுண்டின் காலி கேஸையும் (பித்தளைக் கூடு) தூக்கி எறியாதீர்கள். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கேஸின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) கடித்து இழுத்திருந்தால் விளிம்பு பிய்ந்திருக்கும். சேம்பரில் (ரவுண்டு உட்காரும் அறை) துரு இருந்தால் கேஸ் உடம்பில் நீளவாட்டில் கோடு விழுந்திருக்கும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்த ரைஃபிளை அதற்குமேல் சுடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது. சுட்ட காலி கேஸ் ரெண்டு மூணு எடுத்து, பயிற்சி அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஒரு கவரில் போட்டு வையுங்கள். வெடிக்காத ரவுண்டு வேறு கதை. அது இன்னும் உயிருள்ள தோட்டா, கணக்கில் இருப்பது. அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிற வேலை வேண்டாம். தடத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு ரவுண்டை அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்து வரும் ஆசை, துடைப்பது. பட்டாளத்துக்காரனுக்கு இது ரத்தத்தில் ஊறியது. புல்த்ரூவில் (பேரலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) துண்டுத் துணியைக் கோத்து நாலு இழுப்பு இழுத்து, எண்ணெய் பூசி, கண்ணாடி மாதிரி ஆக்கித்தான் கடைக்குக் கொண்டுபோவோம். மிஸ்திரிக்கு அது பிடிக்காது. போல்ட் முகத்தில் படிந்த கரி, ஊசித் துளையைச் சுற்றியுள்ள கறை, சேம்பர் வாயில் ஒட்டியிருக்கும் பித்தளைத் துகள் எல்லாம் அவருக்குத் தகவல். பேரலைத் துடைத்துக்கொள்ளுங்கள், பாதகமில்லை. போல்ட்டையும் சேம்பரையும் அப்படியே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே தொடாதீர்கள். பொருந்தாத டிரைவரால் திருகித் தலை மழுங்கிய ஸ்க்ரூவோடு துப்பாக்கி வந்தால், வீட்டில் யாரோ வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்று மிஸ்திரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

நம் பக்கம் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. "ஒரு ஊசிதானே அண்ணே, அரை மணி நேரத்துல கடைஞ்சு குடுத்துடுவான்" என்று ஒரு தம்பி சொன்னான். கடைந்து கொடுப்பான், சந்தேகமில்லை. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேருக்கும் தனியாக லைசென்ஸ் வேண்டும். அது இல்லாத பட்டறையில் கொடுத்தால் அவனும் மாட்டுவான், நீங்களும் மாட்டுவீர்கள். சட்டத்தை விடுங்கள். ஊசியின் முனை உருண்டு இருக்க வேண்டும், வெளியே நீட்டும் அளவு மயிரிழை பிசகக்கூடாது. கூர்மையாகவோ நீளமாகவோ போனால் கேப்பைத் துளைத்துவிடும், சூடான வாயு பின்பக்கமாக, உங்கள் கண்ணை நோக்கி வரும்.

ஆகவே லைசென்ஸ் உள்ள கடைதான். சென்னையில் துப்பாக்கிக் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: ரிப்பேர் எடுப்பீர்களா, மிஸ்திரி எந்தக் கிழமை இருப்பார்? எல்லாக் கடையிலும் மிஸ்திரி தினமும் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் இல்லாத நாளில் போனால் கவுன்டரில் இருக்கும் பையன் வாங்கி வைத்துக்கொள்வான், நீங்கள் சொன்னதில் பாதிதான் மிஸ்திரி காதுக்குப் போகும்.

கையில் அசல் லைசென்ஸ் இருக்கட்டும், ஜெராக்ஸ் செல்லாது. காலாவதி தேதியைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 வருஷம் செல்லுபடி என்பதால் பலருக்குத் தேதியே மறந்துவிடுகிறது. முகவரி மாறியிருந்தால் அதுவும் ஏறியிருக்க வேண்டும். ஊரில் கலெக்டர் கொடுத்த லைசென்சை வைத்துக்கொண்டு சென்னையில் வருஷக்கணக்கில் ஓட்டுகிற ஆட்களை எனக்குத் தெரியும். சிட்டிக்குள் இந்த விஷயம் கமிஷனர் ஆபீஸ், வேப்பேரி. அங்கே முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உங்களால் போக முடியாவிட்டால் மகனிடமோ மச்சானிடமோ கொடுத்து அனுப்பலாமா? சட்டம் இடம் கொடுக்கிறது. ரிப்பேருக்காக, லைசென்ஸ்தாரர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு லைசென்ஸ் இல்லாதவரும் எடுத்துப்போகலாம் என்று 3-வது பிரிவிலேயே இருக்கிறது. இருந்தாலும் நீங்களே போங்கள். மிஸ்திரி கேட்கும் கேள்விக்கு மச்சானிடம் பதில் இருக்காது.

வழியில்: மேகசின் (ரவுண்டு நிரப்பும் பெட்டி) காலி, சேம்பர் காலி, கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றித் துணியில் சுற்றி அதே உறைக்குள் வையுங்கள். தோட்டா வீட்டில் பூட்டுக்குள். கூட்ட நேரத்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் வேண்டாம், மெட்ரோவில் பை சோதனை உண்டு. தனி ஆட்டோ பிடியுங்கள். மழைக்காலம் என்றால் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவழியில் இறங்கி, நீளமான உறையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்கும் ஆளை நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள்.

கடையில் "சரியா வேலை செய்யல பாய்" என்று நீட்டாதீர்கள். என்ன நடந்தது, எந்தப் பெட்டி ரவுண்டு, எத்தனைக்கு எத்தனை வெடிக்கவில்லை, முதல் ரவுண்டிலேயே வந்ததா, சூடான பிறகு வந்ததா, இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காலி கேஸ் கவரோடு சேர்த்துக் கொடுங்கள். எனக்குப் பழக்கமான மிஸ்திரி அதிகம் பேசமாட்டார். கேஸ்களைக் கவிழ்த்துப் போட்டுக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு போல்ட்டைப் பிரித்து, பழைய ஸ்ப்ரிங்கையும் டப்பாவிலிருந்து ஒரு புது ஸ்ப்ரிங்கையும் மேஜைக் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார். என்னுடையது கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தது.

"ஊசி நல்லா கீது ஹவில்தார் சார். ஸ்ப்ரிங்கு செத்துப்போச்சு. உள்ள இன்னா எண்ணெ ஊத்துனீங்க?"

நான் ஊற்றவில்லை, முந்தைய சொந்தக்காரர் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். கசண்டாகி ஊசியைச் சுற்றி மஞ்சள் பிசின் போலப் படிந்திருந்தது. ரைஃபிள் ஆயில் தவிர வேறு எதுவும் போல்ட்டுக்குள் போகக்கூடாது, அதுவும் ஒரு துளி.

ஸ்ப்ரிங் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஹெட்ஸ்பேஸ் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் சேம்பரில் உட்கார்ந்தபின் அதன் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளிதான் அது. நம் .315, லீ என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் பட்டாள ரைஃபிளின் வம்சம், அதில் போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருக்கிறது. பல வருஷம் சுட்டால் அந்த இடம் தேய்ந்து இடைவெளி கூடும். கூடினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் பின்னோக்கி நீள்கிறது, அடிப்பக்கத்தில் மெலிகிறது. மேலே சொன்ன பளபள வளையம் அந்த மெலிவுதான். ஒருநாள் அங்கேயே அறுந்துவிடும். மிஸ்திரியிடம் இரண்டு உருக்குக் கட்டைகள் இருக்கும், ஒன்றின் பெயர் கோ, இன்னொன்று நோ-கோ. முதல் கட்டைமேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக்கூடாது. இதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொன்னால் எந்த நல்ல மிஸ்திரியும் கோபித்துக்கொள்ளமாட்டார். இதே காரணத்துக்காகத்தான் வேறு துப்பாக்கியின் போல்ட்டை உங்களுடையதில் மாட்டிப் பார்க்கக்கூடாது. போல்ட் கைப்பிடியில் உள்ள நம்பரைக் கொடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

குறி விலகுகிறது என்பது தனிப் புகார். எல்லாரும் சைட்டை (குறி பார்க்க பேரல்மேல் இருக்கும் அமைப்பு) குறை சொல்வார்கள். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது பேரலைத் தாங்கும் மரக்கட்டை. ஐப்பசி மழையில் காசிமேடு, திருவொற்றியூர் காற்று பட்டு முன்கட்டை ஊதி பேரலை ஒரு பக்கம் தள்ளும். சித்திரையில் காய்ந்து மறுபக்கம் போகும். மிஸ்திரி பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதத்தை விட்டு எங்கே சிக்குகிறது என்று பார்ப்பார். உரசும் இடத்தை லேசாகச் செதுக்கி எண்ணெய் காட்டினாலே பாதி சரியாகிவிடும்.

சிலர் போன இடத்தில் ஆசையைக் கூட்டிக்கொள்வார்கள். ட்ரிகரை இன்னும் லேசாக்கிக் கொடுங்கள் என்பது ஒன்று. கூட்டமான பேங்க் ஹாலில் நிற்கிறவனுக்கு லேசான ட்ரிகர் எதற்கு? போல்ட்டை வேகமாக மூடினாலே வெடித்துவிடும் நிலைக்கு அது வந்து நிற்கும். பேரலைக் குட்டையாக்குவது, நம்பர் இருக்கும் இடத்தைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது இரண்டும் நேரடிக் குற்றம்.

விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால் ரசீது வாங்காமல் படியிறங்காதீர்கள். அதில் துப்பாக்கி நம்பர், என்ன புகார், வார், உறை, மேகசின் கொடுத்தீர்களா என்பதெல்லாம் இருக்க வேண்டும். கூலி தனி, சாமான் தனி என்று விலையை முதலிலேயே பேசுங்கள். ஒரிஜினல் ஸ்பேர் வர நாளாகும் என்றால் காத்திருங்கள். பேங்க்குக்கு அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். துப்பாக்கி இல்லாமல் யூனிஃபார்மோடு நிற்பதை மேனேஜரே பார்த்துக் கேட்கும்படி விடக்கூடாது.

திரும்ப வாங்கும்போது லைசென்சில் உள்ள நம்பரோடு துப்பாக்கி நம்பரை ஒத்துப்பாருங்கள், போல்ட் நம்பரையும். டம்மி ரவுண்டு ஐந்தை மேகசினில் போட்டு வரிசையாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். சேஃப்டி போட்டு ட்ரிகரை இழுத்துப் பாருங்கள். கழற்றிய பழைய ஸ்ப்ரிங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமாகச் சுட்டுப் பார்ப்பது அடுத்த பயிற்சியில், முதலில் ஒரே ஒரு ரவுண்டு, கேஸை எடுத்துப் பார்த்த பிறகு மற்றது.

வீட்டில் ரெக்ஸின் உறைக்குள் வைத்தே பூட்டாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி, மெல்ல எண்ணெய் தடவிய துணியால் துடைத்து, பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பேங்க் காவலில் இருப்பவர்கள் விலக்கு கேட்டு எழுதிக் கொடுக்கலாம், மற்றவர்கள் உத்தரவு வந்தால் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் துப்பாக்கி அப்படிப் போய்ச் செந்தூரம் பூசினாற்போலத் துருவோடு திரும்பி வந்தது. கொடுக்கும் முன் பேரலுக்குள் தாராளமாக எண்ணெய் விட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே போல்ட்டை உருவி, வெளிச்சத்தில் பேரலைப் பார்த்துவிட்டு, துரு இருந்தால் ரசீதிலேயே எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.