புற்றைப் போல ஒரு பெட்டி: பந்து மலைப்பாம்புக்கு இடம் அமைக்கும் முறை

பந்து மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளுக்கு உரியது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாக ஏற்றுமதியாகி, இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்றாகிவிட்டது. அதன் சொந்த நாட்டில் அது பகற்பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழித்துவிட்டு, இருட்டிய பிறகே வெளியே வருகிறது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்று நாம் சொல்வது இதற்கும் அப்படியே பொருந்தும். புற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: இருட்டு, உடலை எல்லாப் பக்கமும் தொடும் நெருக்கம், அதிகம் ஏறி இறங்காத சூடு, காயாத ஈரம். கடையில் எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் இந்த நான்கில் எதற்கு அது உதவும் என்று கேட்டுக்கொண்டால், வேண்டாத பொருள்கள் தாமாகவே கழிந்துவிடும்.

‘Ball python’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் ‘பால்’ என்று எழுதினால் பால் குடிக்கும் பாம்பு என்று படுகிறது. அஞ்சும்போது தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. என் வீட்டுப் பாம்பைப் பார்க்க வந்த பெரியம்மா ஒருவர் உண்மையாகவே பால் கொண்டுவந்தார். அந்தப் பாலில் நாங்கள் தேநீர் போட்டுக் குடித்தோம். பாம்புக்குத் தண்ணீர் போதும்.

பெட்டிக்கு முன்பாகச் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் நல்ல பாம்பு, சாரை, நம் ஊர் மலைப்பாம்பு ஆகியவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பந்து மலைப்பாம்பு போல, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க அனுமதியில்லை. நான் வசிக்கும் டொராண்டோவில் நஞ்சுள்ள பாம்புகளுக்கும், வளர்ந்தபின் 3 மீட்டரைத் தாண்டும் இனங்களுக்கும் தடை உண்டு. பந்து மலைப்பாம்பு அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வளர்ந்த ஆண் ஏறக்குறைய 1 மீட்டரும் பெண் 1.2 முதல் 1.5 மீட்டர் வரையும் இருக்கும். 20, 30 ஆண்டுகள் வாழ்வது இதற்கு இயல்பு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 62 வயதாவது இருக்கும் என்று கணிக்கப்பட்ட பெண் பாம்பு ஒன்று, பல ஆண்டுகளாக ஆணோடு சேராமலேயே 2020இல் முட்டையிட்டது. ஆகவே பெட்டியை நீண்ட காலத்துக்கான பொருளாகக் கருதி வாங்குவது நல்லது. 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் என்பது வளர்ந்த பாம்பு ஒன்றுக்கு நான் பரிந்துரைக்கும் குறைந்த அளவு. குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் மிரண்டு உண்ணாமல் கிடக்கும் என்று பலர் எச்சரிப்பார்கள். குட்டி மிரளுவது பெட்டியின் பரப்பைக் கண்டு அல்ல, அதன் வெறுமையைக் கண்டுதான். பெரிய பெட்டியில் மரப்பட்டை, நெகிழி இலைக் கொத்துகள், அட்டைக் குழாய்கள் என்று நெருக்கமாக நிரப்பி, ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்குத் திறந்த வெளியைக் கடக்காமல் போக வழிசெய்துவிட்டால் குட்டியும் அதில் நிம்மதியாக இருக்கும்.

முன்பக்கம் திறக்கும் பிவிசி (கடின நெகிழி) பெட்டியே என் முதல் தேர்வு. காட்டில் இதைத் தூக்கிச் செல்லும் பறவைகள் மேலிருந்து வருகின்றன. மேல்மூடியைத் திறந்து இறங்கும் கையும் பாம்புக்கு அப்படித்தான் தெரியும். பிவிசி சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டி ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை: மூன்று பக்கங்களின் வெளிப்புறத்தில் கருந்தாளை ஒட்டி மறைத்து, வலைமூடியில் ஹீட்டருக்கும் காற்றோட்டத்துக்கும் கால் பங்கை விட்டு, மீதி முக்கால் பங்கை அலுமினிய ஒட்டுநாடாவால் மேற்புறமாக மூடிவிடுங்கள். நாடா பாம்பின் பக்கம் வரவே கூடாது. வயிற்றுச் செதில்களில் ஒட்டிக்கொண்ட நாடாவைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்தே வரும். அப்படி ஒட்டிவிட்டால் சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, கால்மணி நேரம் பொறுத்து மெல்ல நகர்த்த வேண்டும். எந்தப் பெட்டியானாலும் பூட்டு வேண்டும். நகரும் கண்ணாடிக் கதவுகளுக்கு இடையில் செருகும் சிறு பூட்டு மலிவாகவே கிடைக்கிறது. கம்பிகள் நுழையும் துளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும்.

சூடுதான் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி. பாம்பு தன் உடலில் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிச் சென்றே உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது. எனவே பெட்டி முழுவதும் ஒரே வெப்பநிலை இருப்பது தவறு. ஒரு கோடியில் பாம்பு படுக்கும் பரப்பு 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரையும், மறுகோடியில் காற்று 25, 26 பாகையும் இருக்க வேண்டும். இரவில் எங்கும் 22க்குக் கீழே இறங்கக் கூடாது. எத்தனை வாட் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. பெட்டியின் உயரமும் அறையின் குளிரும் அதைத் தீர்மானிக்கின்றன. நிலவறையில் ஜனவரியில் தேவைப்படுவது வேறு, மாடியில் ஜூலையில் தேவைப்படுவது வேறு. பெட்டியின் கூரையில் பொருத்தும் செராமிக் ஹீட்டரோ வெப்பப் பலகையோ வெளிச்சம் தராமல் சூட்டை மட்டும் தருவதால், இரவும் பகலும் எரியவிடலாம். இரவுக்கென்று விற்கப்படும் சிவப்பு, நீல விளக்குகள் வேண்டாம். பாம்புக்கு இரவு இருட்டாகவே இருக்கட்டும். பெட்டிக்குள் இருக்கும் எந்த ஹீட்டருக்கும் கம்பிக் கூடு கட்டாயம், ஏனென்றால் பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும். அடியில் ஒட்டும் வெப்பப் பாயை ஆழமாக மண் பரப்பும் பெட்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை: அது காற்றைச் சூடாக்குவதில்லை, பாம்போ சூட்டைத் தேடி மண்ணைக் குடைந்து சென்று கண்ணாடியின் மேலேயே படுத்துக்கொள்கிறது. மின்சாரத்தில் சூடாகும் ‘வெப்பக் கல்’ கடையில் அழகாக இருக்கும், வாங்காதீர்கள். தோல் வெந்துகொண்டிருக்கும்போதும் நகராமல் அதன் மேலேயே கிடந்த பாம்புகள் உண்டு.

எந்த ஹீட்டரானாலும், உணரியால் வெப்பத்தை அறிந்து ஹீட்டரைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைக்கக் கூடாது. செராமிக் ஹீட்டருக்கு, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் துடிப்பு முறைத் தெர்மோஸ்டாட்டும், வெளிச்சம் தரும் விளக்குக்கு ஒளியை மங்கச்செய்யும் வகையும் ஏற்றவை. அதைவிட முக்கியம், உணரியின் முனை அசையாமல் கட்டப்பட்டிருப்பது. என் முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தபோது, இட்லிப் பானையின் மூடியைத் தூக்கியது போலச் சூடு முகத்தில் அடித்தது. இரவில் பாம்பு கம்பியைத் தள்ளிக்கொண்டே போய், உணரியின் முனையைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விட்டிருந்தது. தண்ணீரின் குளிர்ச்சியைப் பெட்டியின் குளிர்ச்சி என்று எடுத்துக்கொண்ட கருவி, ஹீட்டரை விடிய விடிய அணைக்கவே இல்லை. சூடான பக்கத்தில் 46 பாகை காட்டியது. மறுகோடியில் அதே கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்ததால் பாம்பு பிழைத்தது. அன்றிலிருந்து உணரியை நெகிழிக் கட்டுப்பட்டையால் சுவரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். ஒட்டுநாடாவை உள்ளே பயன்படுத்தக் கூடாது என்பதை மேலே சொல்லிவிட்டேன். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், இரு கோடிகளிலும் ஒவ்வொரு டிஜிட்டல் வெப்பமானியை வையுங்கள். படுக்கும் பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். சுவரில் ஒட்டும் முள்வைத்த வட்ட மானிகள் பலமுறை பொய் சொல்கின்றன.

குளிர்நாட்டில் வாழ்பவர்களுக்குச் சூட்டைவிட ஈரமே பெரிய போராட்டம். வீட்டுச் சூடாக்கி ஓடும் மாதங்களில் அறையின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. பாம்புக்கோ 60 முதல் 80 வரை வேண்டும். தண்ணீரைத் தெளித்தால் மானி சற்று நேரம் ஏறிக் காட்டிவிட்டு மறுபடி விழும்; மேல்மண் மட்டும் நனைந்து கிடந்து வயிற்றுச் செதில்களை அழுகச் செய்யும். ஈரம் அடியிலிருந்து வர வேண்டும். தென்னை நார்க்கழிவும், உரமும் பெர்லைட் என்னும் வெண்மணிகளும் கலக்காத தோட்டமண்ணும் சமபங்காகக் கலந்து 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்புங்கள். நார்க்கழிவு இங்கே செங்கல் போல அழுத்திய கட்டியாக விற்கப்படுகிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இலங்கை அல்லது இந்தியா என்று அச்சிட்டிருக்கும். கட்டியை வெந்நீரில் ஊறவைத்து, கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் பதத்துக்குக் கொண்டுவந்து கலக்க வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறையோ இருமுறையோ நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அது அடிக்கு இறங்கித் தங்கும், மேலே காய்ந்திருக்கும், ஹீட்டரின் சூட்டில் சிறிது சிறிதாக ஆவியாகும். செடார், பைன் மரத்தூள்களின் எண்ணெய் வாடை பாம்பின் மூச்சுக்குக் கேடு; அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஈரம் போதுமா என்பதை மானியைவிட நன்றாகச் சொல்வது பாம்புச் சட்டைதான். கண்கள் பால்நீலமாக மங்கி, சில நாளில் மீண்டும் தெளிந்து, அதற்குச் சில நாள் கழித்துச் சட்டை கழலும். ஈரம் சரியாக இருந்தால் மூக்கிலிருந்து வால்வரை காலுறையைக் கழற்றியது போல ஒரே துண்டாக வரும். அதை வெளிச்சத்தில் பிடித்துத் தலைப்பகுதியைப் பாருங்கள். கண்களை மூடியிருந்த இரு சிறு கண்ணாடி வில்லைகளும் அதில் இருக்க வேண்டும். துண்டு துண்டாக வந்தாலோ ஒரு வில்லை குறைந்தாலோ பெட்டி காய்ந்திருக்கிறது என்று பொருள். கண்ணில் தங்கிய வில்லையை நகத்தால் கிள்ளி எடுக்க முயலாதீர்கள். ஈரத்தைக் கூட்டி அடுத்த முறைவரை காத்திருங்கள், அப்போதும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதுங்கிடம் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வசதியாக இருந்தால் பாம்பு சூட்டையும் குளிரையும் மறந்து அதற்குள்ளேயே அடைந்துவிடும். சுருண்டு படுத்தால் முதுகும் பக்கங்களும் சுவரைத் தொடும் அளவே போதும்; வாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரு பக்கமும் திறந்த பாதி மரத்துண்டைக் கடையில் பதுங்கிடம் என்று விற்கிறார்கள். அது பாலத்தடி, புற்று அல்ல. கவிழ்த்த நெகிழிக் கிண்ணத்தில் வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால் செலவில்லாமல் காரியம் முடியும். மூன்றாவதாக, ஈரமான ஸ்பாக்னம் பாசி நிரப்பிய மூடிப்பெட்டி ஒன்று சட்டை உரிக்கும் நாள்களில் பேருதவி. தண்ணீர்க் கிண்ணம் கனமாக, எளிதில் கவிழாததாக இருக்கட்டும். நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். தடித்த கிளை ஒன்றையும் சாய்த்து இறுகக் கட்டுங்கள். தரையில் வாழும் பாம்பு என்று பெயர்பெற்றாலும் இளம் பாம்புகளும் ஆண்களும் மரமேறிப் பறவைகளையும் உண்பவை. புற ஊதா விளக்கு இல்லாமலும் இது வாழும். வைப்பதானால் குறைந்த வலுவுள்ளதாக, பகலில் 12 மணி நேரம் மட்டும்.

பெட்டியை வைக்கும் இடம் வெயில் விழும் சன்னலோரமாக இருக்கக் கூடாது; கண்ணாடிக்குள் புகுந்த வெயிலைத் தெர்மோஸ்டாட்டால் அணைக்க முடியாது. ஒலிபெருக்கியின் அருகும் வேண்டாம், ஏனெனில் அதிர்வைத் தரை வழியாகவும் பாம்பு உணர்கிறது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, பாச்சை உருண்டை ஆகியவற்றை அந்த அறையில் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு, பாம்பு இல்லாமலேயே ஒரு வாரம் பெட்டியை ஓடவிட்டு, காலை, நண்பகல், நள்ளிரவு அளவுகளைக் குறித்துவையுங்கள். எண்கள் மூன்று நாள் தொடர்ந்து வரம்புக்குள் நின்றபின் பாம்பை வாங்கச் செல்லலாம். பாம்பையும் பெட்டியையும் ஒரே நாளில் வாங்கி வருபவர்களே அதிகம். அவர்களுடைய முதல் மாதம் பாம்புக்கும் அவர்களுக்கும் தண்டனையாகவே கழிகிறது.

புதிய பாம்பை முதல் மூன்று, நான்கு வாரம் மண்ணின் மேல் விடாமல், மண்ணை எடுத்துவைத்துவிட்டு வெறும் காகிதத் துண்டுகளின் மேல் வைப்பது என் வழக்கம். வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் மிளகைப் பொடித்துத் தூவியது போல நகரும் உண்ணிப் பேன்கள் வெள்ளைக் காகிதத்தில் உடனே தெரிந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் அவை மூழ்கிக் கிடக்கும். மண்ணில் அவற்றைத் தேட முடியாது. அந்த நாள்களில் ஈரத்தைப் பாசிப்பெட்டி பார்த்துக்கொள்ளும்.

பெட்டியைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை. கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பாம்பையோ பெட்டிக்குள் உள்ளவற்றையோ தொட விடாதீர்கள். வந்த நாளிலிருந்து ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிரப் பாம்பைத் தொந்தரவு செய்யாமல் விட்டு, அதன் பிறகு உறைநிலையிலிருந்து எடுத்து முழுவதும் இளக்கிய எலியை இரவில் இடுக்கியால் நீட்டுங்கள். வாங்காவிட்டால் எடுத்துவிட்டு மேலும் ஒரு வாரம் பொறுங்கள். உண்டுவிட்டால் 48 மணி நேரத்துக்குக் கையில் எடுக்க வேண்டாம்; எடுத்தால் விழுங்கியதைக் கக்கிவிடக்கூடும்.